கொரோக்காவுக்கும் மடாங்குக்கும் எம்மாந்தூரம்

இந்த நாட்டில் விமானம் ஏறப் போனால் பெட்டியை மட்டும் அல்ல, ஆளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் இருக்கும் கொரோக்கா என்ற ஊரின் விமான நிலையத்தைச் சொல்கிறேன். விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட கொட்டகை, இரண்டு மர பெஞ்சு, ஒரு கவுண்டர், கவுண்டரின் பக்கத்தில் ஒரு தராசு. கவுண்டரில் நிற்கும் சாபே என்கிற நரைத்த தாடிக்காரர் முதலில் உங்கள் பையைத் தராசில் வைப்பார். அடுத்து உங்களைப் பார்த்து, "யூ து, சனாப் லோங் ஸ்கேல்" என்பார். நீயும் ஏறி நில் என்று அர்த்தம். ஏறி நின்றதும் முள் காட்டும் எடையைக் கொட்டகை முழுவதும் கேட்கும்படி கூவுவார். உள்ளே ஒருவர் எழுதிக்கொள்வார். எங்கள் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைக்கு இப்படித்தான் கூவுவார்கள். முதல் தடவை எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. கல்யாணம் பேசும்போதுகூட யாரும் என் எடையைக் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது பேர் உட்காரும் விமானத்துக்கு வேறு வழியில்லை. யாரை முன்னால் உட்கார வைப்பது, யாரைப் பின்னால் அனுப்புவது, எத்தனை மூட்டை உருளைக்கிழங்கை அடுத்த விமானத்துக்கு ஒதுக்குவது என்பதெல்லாம் அந்தத் தராசைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அந்தத் தராசில் மாதம் இரண்டு முறை ஏறி இறங்கிய காலம் எனக்கு ஒன்று இருந்தது. கணவர் சேகர் கொரோக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எனக்கு வேலை கிடைத்ததோ கடற்கரை ஊரான மடாங்கில். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. திருவண்ணாமலையிலிருந்து பாண்டிச்சேரி போகிற தூரம். அதே மாதிரி மலையில் ஆரம்பித்துக் கடலில் முடிகிற தூரம். ஆனால் நம் பாண்டிச்சேரி பஸ் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நின்று முறுக்கும் வெள்ளரிப்பிஞ்சும் வாங்க நேரம் கொடுத்துப் போகும். இங்கே நடுவில் நிற்பது மலை. மலைக்குப் பின்னால் மலை. அதைத் தாண்டினால் ஒரு பெரிய ஆற்றுச் சமவெளி, பிறகு மறுபடியும் மலை. விமானத்தில் அரை மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். லாரியில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு முழு நாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எத்தனை நாள் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த ஊர் மக்களைத் தூரம் கேட்டுப் பயனில்லை. எதைக் கேட்டாலும் "க்ளோஸ்து தசோல்", பக்கம்தான், என்பார்கள். பக்கம்தானே என்று நம்பி நானும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் அருவியைப் பார்க்கக் கிளம்பினோம். அருவியைக் கண்ணால் பார்த்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு நான் இந்த நாட்டுக்கு வந்தேன். பி.எஸ்ஸி., பி.எட். முடித்திருந்தேன். திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்திருந்தேன். கொரோக்காவில் இறங்கிய மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கைகை? கைகை?" என்று கேட்டாள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடியும் "கைகை?" என்றாள். சாயங்காலம் கணவர் வந்துதான் சொன்னார், இந்த ஊர் பிஜின் மொழியில் கைகை என்றால் சாப்பாடு என்று. அவள் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள், நான் கையைக் காட்டியிருக்கிறேன். மறுநாள் அவள் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். வெறும் கையைக் காட்டியதால் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

கொரோக்காவில் எனக்கு வேலை காலி இல்லை. இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்தேன். காலைக் குளிரில் சன்னலைத் திறந்தால் நாலா பக்கமும் மலை. திருவண்ணாமலையில் பிறந்தவளுக்கு மலை என்றால் ஒன்றுதான். தெருவில் எங்கே நின்றாலும் அதைப் பார்த்துத் திக்கைத் தெரிந்துகொள்ளலாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நின்றதால் எனக்குக் கிழக்கு மேற்கே பிடிபடவில்லை. மடாங்கில் விஞ்ஞான ஆசிரியை வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பம் போட்டேன். வேலை கிடைத்தது. கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "அரை மணி நேரம்தானே" என்றார். ஊருக்கும் அப்படியே எழுதிப் போட்டார்: சாந்திக்கு வேலை கிடைத்திருக்கிறது, இங்கிருந்து அரை மணி நேரம்தான்.

அங்கேதான் தப்பு நடந்தது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் மாமியாருக்கு, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அரை மணி நேரம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிற நேரம். காலையில் தயிர் விற்கப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற தூரம். மருமகள் தினமும் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போய், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள் என்று அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அடுத்த விடுமுறைக்கு நாங்கள் போனபோதுதான் குட்டு உடைந்தது.

"மாசத்துல ரெண்டு தடவதான் பாத்துக்கறீங்களா? அரை மணின்னு எழுதினியேடா!"

"அரை மணிதாம்மா. ஆனா அது ஏரோப்ளேன்ல."

"எதுல போனா இன்னா? அரை மணி அரை மணிதானே? சாயங்காலம் ஒண்ணு ஜாஸ்தியா விடச் சொல்லேன்."

"சாயங்காலம் மேகம் மூடிக்கும்மா. காலைலதான் விடுவாங்க."

"மேகத்துக்கும் வண்டிக்கும் இன்னாடா சம்பந்தம்?"

என் கணவர் கணக்கு ஆசிரியர். எந்த மரமண்டைக்கும் புரிய வைத்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்பவர். அன்று தோற்றுப் போனார். நாங்கள் திரும்பி வந்த பிறகு, தானே ரசம் வைத்துத் தானே சாப்பிடுவதைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினார் போலிருக்கிறது. கல்யாணமாகி நாலு வருடமாகியும் குழந்தை இல்லை என்ற பேச்சும் அங்கே கிளம்பியிருந்தது. அத்தை முடிவு செய்துவிட்டார். மாமா மல்லாட்டை அறுவடையை விட்டு வர முடியாது. விடுமுறை முடிந்து திரும்பும் ஒரு தமிழ் ஆசிரியர் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டு, அதுவரை மெட்ராஸைத் தாண்டாத அத்தை சிங்கப்பூர் வழியாகக் கொரோக்காவில் வந்து இறங்கினார். கிளம்பும்போது மாமாவிடம், "ரெண்டு பேரையும் ஒரே வூட்ல வெச்சுட்டுத்தான் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அப்போது எனக்குப் பள்ளி விடுமுறை. நான் கொரோக்காவில்தான் இருந்தேன். அத்தைக்கு அந்தக் குளிர் ஆகவே இல்லை. புடவைக்கு மேல் மகனுடைய ஸ்வெட்டர், காலில் காலுறை, தலையில் மப்ளர் என்று அடுப்பங்கரையை விட்டு நகரவே மாட்டார். என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். எனக்குப் பிடித்த காரக்குழம்பு வைத்துப் போட்டார். ஆனால் நான் வேலை இருக்கும் ஊரைப் பற்றிப் பேச்சை எடுத்தால் காதில் விழாதவர் போல அடுப்பை ஊதுவார், அது மின்சார அடுப்பாக இருந்தாலும். பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களிடம் சொன்னார்.

"சாந்தி, நானும் உன்கூட வரேன். உங்க பெரிய வாத்தியாரப் பாத்து நானே பக்குவமா சொல்லிட்டு உன்னைக் கையோட கூட்டியாந்துடறேன். புருஷன் ஒரு ஊர்ல, பொண்டாட்டி ஒரு ஊர்லன்னா அது இன்னா குடும்பம்?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அப்பளத்தை அவர் அவ்வளவு கவனமாக நொறுக்கியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மடாங் பள்ளியின் ஆய்வுக்கூடத்தை நான்தான் தூசி தட்டித் திறந்தேன். உடைந்த சோதனைக் குழாய்களை எடுத்துப் போட்டுவிட்டு, ஜாம் பாட்டிலையும் மெழுகுவத்தியையும் வைத்தே ஆக்சிஜன் பாடம் நடத்தினேன். படகில் பள்ளிக்கு வரும் தீவுப் பிள்ளைகள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக் காட்டியபோது வகுப்பே எழுந்து கைதட்டியது. இதையெல்லாம் அப்பளத்துக்கு நடுவே எப்படிச் சொல்வது? "சரிங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் விமான நிலையத்துக்குப் போனோம். கணவர் வழியனுப்ப வந்தார். சாபே அத்தையைத் தராசில் ஏறச் சொன்னார். அத்தைக்கு அது பழக்கப்பட்ட சாமானாகத்தான் தெரிந்தது. எழும்பூர் ரயில் நிலையத்தில் காசு போட்டு ஏறி நின்றால் எடை அச்சடித்த அட்டை வந்து விழுமே, அந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டு கம்பீரமாக ஏறி நின்றார். சாபே எண்பதுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைக் கூவினார். அத்தை இறங்காமல் கையை நீட்டினார்.

"அட்டை எங்கேப்பா?"

சாபேவுக்குப் புரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாமா, யூ சின்டாவுன் லோங் ஃப்ரண்ட்" என்றார்.

"இன்னாடி இது, என்னைப் போயி மாமாங்கறான்?"

"இங்கே மாமான்னா அம்மா, அத்தை. உங்களை விமானத்துல முன்னாடி உட்காரச் சொல்றார்."

அத்தைக்கு ஒரே சிரிப்பு. ஊரில் மாமா இதைக் கேட்க வேண்டும் என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சாபே மரியாதைக்காக இன்னொரு கேள்வி கேட்டார். "பாப்பா இ ஸ்டாப் வே?" பிஜினில் பாப்பா என்றால் அப்பா. உங்கள் வீட்டுக்காரர் எங்கே, அவர் வரவில்லையா என்று விசாரிக்கிறார். அத்தையின் முகம் வாடிவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு சாபேவிடம் தமிழிலேயே சொன்னார்: "பாப்பா இன்னும் பொறக்கலப்பா. அதுக்குத்தானே நான் இம்மாந்தூரம் வந்தேன்." சாபே துக்கம் விசாரிப்பவர் போலத் தலையை ஆட்டினார். அத்தையின் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார் என்று அவர் புரிந்துகொண்டதாக ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

அத்தையின் எடைக்கு அவரை விமானியின் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் விமானிக்கு முன்னால் இருப்பது போலவே ஒரு கைப்பிடிச் சக்கரம் இருக்கும். எதையும் தொடக் கூடாது என்று நான் சொன்னதும், அத்தை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். நான் பின் இருக்கையில் இருந்தேன். விமானம் கிளம்பிப் பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. அதற்கப்புறம் எதிரே ஒரு வெள்ளைச் சுவர். மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் மறுபக்கம் போக முடியும். அந்த இடைவெளியை மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. விமானி இடப்பக்கம் போய்ப் பார்த்தார், வலப்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு விமானத்தைத் திருப்பினார். எனக்கு அது பழகிப்போன விஷயம். இயந்திர இரைச்சலில் அத்தைக்கு எதையும் சொல்ல முடியவில்லை.

தரை இறங்கியதும் அத்தை உற்சாகமாகத் திரும்பினார். "பாத்தியா? அரை மணிகூட ஆவல. இதுக்குப் போயி மாசத்துக்கு ரெண்டு தடவ வரேங்கறே!"

நான் பதில் சொல்வதற்குள் கீழே இறங்கிவிட்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே இருக்கும் சந்தையில் கீரை வாங்கப் போனவர், விமானம் திரும்பும் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். மகனைப் பார்த்ததும் அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

"டேய் சேகரு! நீ எப்படா இங்கே வந்தே? எங்களுக்கு முன்னாடி எந்த பஸ்ஸுடா புடிச்சே?"

நானும் கணவரும் சிரித்துவிட்டோம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் விமானியும் சிரித்தார், சாபே கண்ணில் நீர் வரச் சிரித்தார். இது கொரோக்காதான், போகவே இல்லை, திரும்பிவிட்டோம் என்று விளக்கினோம். அத்தையும் சிரித்தார். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தபோது அவர் பேச்சு மாறியிருந்தது.

"இப்படிப் பாதி வழியில திரும்பறது அடிக்கடி நடக்குமா சாந்தி?"

"மழைக் காலத்துல நடக்கும் அத்தை."

"அப்போ இன்னா பண்ணுவே?"

"மறுநாள் திரும்பவும் வந்து பார்ப்பேன். இல்லன்னா அடுத்த வாரம்."

"அந்த மலைகிட்ட போயிப் போயித் திரும்பிச்சே, அப்போ உனக்குப் பயமா இல்ல?"

"மொதல்ல இருந்துச்சு. இப்போ கம்மி."

அத்தை காப்பியை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நீ எத்தினி தடவடா மடாங்குக்குப் போயிருக்கே?"

கணவர் விழித்தார். "அவதான் வந்துடறாளேம்மா."

"எத்தினி தடவன்னு கேட்டேன்."

"எனக்குச் சின்ன ப்ளேன்ல வயித்தப் பிரட்டும்மா."

"வேலைக்குச் சேந்தாளே, அப்போ யார் கூட்டிட்டுப் போனது?"

"அப்போ ஸ்கூல்ல பரீட்சை…"

அத்தை மிச்சக் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கணவரிடம் கேட்டதில்லை. கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. போகிறவள் நான், வேலை வேண்டும் என்றவள் நான், அதனால் வருகிறவளும் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே எப்படியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான், வேறு ஒருவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான், எனக்கே அது உறைத்தது. கணவருடைய முகம் சிவந்திருந்தது. வாங்கின கீரையைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் விடை தெரியாத பையன் மாதிரி நின்றார்.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மறுபடியும் தராசு, மறுபடியும் முன் இருக்கை. இந்தத் தடவை இடைவெளி திறந்திருந்தது. இரண்டு பக்கமும் காட்டு மரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நகர்ந்தன. அதைத் தாண்டியதும் கீழே அகலமான சமவெளி, அதில் காப்பி நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் ராமு ஆறு. பின்னும் ஒரு மலை. அதன் தோளைத் தாண்டியதும் விமானி அத்தையின் பக்கம் குனிந்து, எதிரே கையைக் காட்டி உரக்கச் சொன்னார்: "சீ!"

அத்தை திடுக்கிட்டு முந்தானையை இழுத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தார், தான் எதையோ தொட்டுவிட்டோம், அதற்குத்தான் இந்த வெள்ளைக்காரன் சீ என்கிறான் என்று. "நான் ஒண்ணையும் தொடலப்பா!" என்று அவர் கத்தியது பின் இருக்கை வரைக்கும் கேட்டது. விமானி இன்னும் சிரித்தபடி "சீ! சீ!" என்று எதிரே காட்டினார். அப்போதுதான் அத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி முழுக்கக் கடல். நீலத்தில் பச்சைப் புள்ளிகளாகத் தீவுகள். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் மெல்ல வெளியே வந்து கும்பிட்டன.

மடாங்கில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. அத்தை மப்ளரை அவிழ்த்தார், ஸ்வெட்டரைக் கழற்றினார், காலுறையை உருவினார். விமான ஓடுபாதையின் ஓரத்திலேயே நின்று எல்லாவற்றையும் என் பையில் திணித்துவிட்டு, "அப்பாடா! நம்ம ஊரு வெயிலு!" என்றார். தென்னை மரங்களைப் பார்த்தார். என் வீட்டு முற்றத்தில் தானாக முளைத்திருந்த பப்பாளியைப் பார்த்தார். மறுநாள் காலை குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, "வா, பெரிய வாத்தியாரப் பாக்கலாம்" என்றார். விமான நிலையத்தில் நடந்ததை நான் மறந்துவிடவில்லை. ஆனால் மகனைக் கடிந்துகொள்வது வேறு, மருமகளை வேலைக்கு விடுவது வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தலைமையாசிரியர் பக்கத்துத் தீவைச் சேர்ந்தவர், பெரிய உருவம், மென்மையான குரல். எழுந்து நின்று அத்தைக்கு நாற்காலி போட்டார். அத்தை உட்கார்ந்து தமிழில் ஆரம்பித்தார்.

"அய்யா, நான் எம்மருமவளக் கூட்டிட்டுப் போவணும்னுதான் எங்க ஊர்லருந்து வந்தேன்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தலைமையாசிரியரின் முகம் விழுந்துவிட்டது. நீங்கள் போனால் பிள்ளைகளுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும், ஆனால் குடும்பம்தான் முக்கியம், நாங்கள் புரிந்துகொள்கிறோம் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அத்தை அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாடி சொன்னே அவருகிட்ட? ஏன் இப்படி ஆயிட்டாரு?"

"நீங்க சொன்னதைத்தான் அத்தை."

"நான் எங்கே முடிச்சேன்? மொத்தத்தையும் கேட்டுட்டுச் சொல்லு. கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். வந்து பாத்தேன். இவ இங்கேயே இருக்கட்டும். எம்புள்ள மலை மேல கணக்கு வாத்தியாரா இருக்கான். உங்க ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் வேணுமான்னு கேளு."

நான் கேட்டேனா, அழுதேனா, சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. தலைமையாசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தது நினைவிருக்கிறது. கணக்கு ஆசிரியர் வேண்டாம் என்று சொன்ன பள்ளி இந்த நாட்டில் எங்கே இருக்கிறது என்றார். வருடம் முடியட்டும், மேலே எழுதிக் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார். "நீ ஏன்டி வாயத் தொறந்து சொல்லல, அவன் ஒரு தடவகூட வரலன்னு?" என்று மட்டும் கேட்டார். பதிலை எதிர்பார்க்காமல் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அத்தை கொரோக்காவுக்குத் திரும்பவே இல்லை. அந்தக் குளிர் தனக்கு ஆகாது என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா கைச் சாப்பாடு வேண்டுமானால் அவன் இங்கே வரட்டும் என்பது அதன் அர்த்தம். என் கணவர் வந்தார். முதல் தடவை இறங்கி வந்தபோது முகம் வெளுத்து, கையில் காகிதப் பையோடு தள்ளாடினார். அத்தை எலுமிச்சை ஊறுகாயோடு தயாராக நின்றார். இரண்டாம் தடவை காகிதப் பை தேவைப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் அத்தையின் முதல் கேள்வி, "சாபே இன்னா எடை சொன்னான்?" என்பதுதான். அந்த எண் ஏற ஏற அத்தையின் முகத்தில் ஒரு தெளிச்சி. ஒரு சனிக்கிழமை மேகம் மூடி, அவருடைய விமானம் பாதியில் திரும்பிப் போயிற்று. மறுநாளும் வரவில்லை. அவருக்காக வறுத்து வைத்த மீனை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். திங்கட்கிழமை பள்ளித் தொலைபேசியில் பேசியபோது அவர் சொன்னார்: "சாந்தி, திரும்பி வந்து காலி வீட்டைத் திறக்கிறது ஒரு மாதிரியா இருக்கு." ஆமாம் என்றேன். "நீ இதை எத்தனை தடவை பண்ணியிருப்பே," என்றார். அன்றிலிருந்துதான் எங்கள் கல்யாண வாழ்க்கை சரியாக ஆரம்பித்தது என்று நான் அவ்வப்போது சொல்வதுண்டு. அவர் மறுப்பதில்லை.

அடுத்த பள்ளி வருடத்தில் அவருக்கு மடாங்குக்கு மாற்றல் வந்தது. அத்தை அதுவரை இருந்து, மகனுடைய பெட்டியும் புத்தகங்களும் வீட்டுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார். இடைப்பட்ட மாதங்களில் சந்தையில் கீரை விற்கும் மரியா என்ற பெண்ணோடு அவருக்குப் பெரிய சிநேகம். இவர் தமிழில் பேசுவார், அவள் பிஜினில் பேசுவாள், இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவ மருமவளப் பத்திதான்" என்பார். புறப்படுகிற அன்று மரியா தன் கையால் பின்னிய பிலும் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிலும் என்பது இந்த ஊர்ப் பெண்களின் நூல் பை. அதன் வாரை உச்சந்தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்க விடுவார்கள். கிழங்கு, கீரை, விறகு, தூங்குகிற குழந்தை எல்லாம் அதற்குள் போகும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும்.

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். என் பிறந்த வீடு திருவண்ணாமலையில். அத்தை எங்களைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். காலையில் இரண்டு பேரும் காய் வாங்கப் போனோம். தேரடித் தெருவில் கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கியதும், அத்தை மடியிலிருந்து அந்த பிலுமை எடுத்து உதறினார். எல்லாவற்றையும் அதற்குள் போட்டார். வாரை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டார். பை முதுகில் புரள, கைகளை வீசிக்கொண்டு நடந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு சைக்கிள்காரர் இறங்கியே பார்த்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அத்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை. "கை நோவாது. இவுங்களுக்குத் தெரியல," என்றார்.

பூக்காரம்மாவிடம் நான் நின்றேன். முழம் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்: "ஊருக்கு எப்போம்மா கிளம்புறீங்க?" விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முன் மடாங் சந்தையில் மரியாவும் இதையேதான் கேட்டிருந்தாள். "யூ கோ லோங் ப்ளேஸ், வனெம் டைம்?" ப்ளேஸ் என்றால் அங்கே சொந்த ஊர். இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "அடுத்த வாரம்" என்றேன்.

பூவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் அத்தை கூட்டத்தில் ரொம்ப தூரம் போய்விட்டிருந்தார். முதுகில் அந்தப் பை இப்படியும் அப்படியும் ஆட, அதிலிருந்து முருங்கைக்கீரை ஒரு கொத்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்க நான் வேகமாக நடந்தேன். அவருக்கு நேர் எதிரே மலை நின்றது. என் காது மட்டும், பக்கத்தில் எங்கேயோ கடல் இரைகிறதா என்று தேடிக்கொண்டே வந்தது.